கரும்புள்ளியின் ஊர்வலம்

1780-களில் பாரிஸ் நகரின் விளிம்பில் பாஸி என்றொரு சிற்றூர் இருந்தது. அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின் அங்கேதான் குடியிருந்தார். எழுபதைத் தாண்டிய கிழவர், இடிதாங்கி கண்டவர், தம் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அவர் முகம் பதித்த மூக்குப்பொடி டப்பிகள் பிரெஞ்சுக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய நண்பர்களில் கபானிஸ் என்ற இளம் மருத்துவரும் ஒருவர். கிழவர் காட்டிய ஒரு சிறு ஏட்டைத் தாம் கையில் வாங்கித் தொட்டுப் பார்த்ததைக் கபானிஸ் பின்னாளில் சிலிர்ப்போடு எழுதிவைத்தார். பிராங்க்ளினின் ஆன்மா நடந்து வந்த வழி முழுவதும் அதில் பதிவாகியிருந்ததாக அவருக்குத் தோன்றியது.

அந்த ஏட்டில் எழுத்து அதிகம் இல்லை. தந்தத் தகடுகள். அவற்றின்மேல் சிவப்பு மசிக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே கரிக்கோலால் வைத்த புள்ளிகள். காலையில் நேரத்துக்கு எழுந்தேனா, நடந்தேனா, நாலு பக்கம் படித்தேனா என்று கைப்பேசியில் கட்டம் கட்டமாக இன்று நாம் குறித்துவைக்கிறோமே, அந்தக் கட்டங்களுக்கு இதுதான் பாட்டன்.

நம் கதைகளில் தப்பு செய்தவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவைப்பார்கள். ஊர் பார்ப்பதுதான் தண்டனை. பிராங்க்ளின் தமக்குத் தாமே கரும்புள்ளி குத்திக்கொண்டார். ஆனால் அது தம் கண்ணுக்கு மட்டும். அந்தப் புள்ளி பிற்பாடு பல ஊர் சுற்றியது. போன இடத்திலெல்லாம் அதன் பொருள் மாறியது. அந்த மாற்றங்களைத் தொடர்ந்து போனால், சுயமுன்னேற்றம் என்று நாம் இன்று எதைச் சொல்கிறோம் என்பதும், எதை வழியில் தவறவிட்டோம் என்பதும் தெரியவரும்.

அச்சுக்கூடத்து இளைஞர்

பிராங்க்ளின் 1706-இல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து பிழைத்தவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு. அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகும்போது அவரோடு மனஸ்தாபம். 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கிருந்து லண்டன் போய், அச்சுக்கோத்துப் பிழைத்து, 1726-இல் ஊர் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து, இனி எப்படி வாழ்வது என்று ஒரு திட்டம் எழுதினார். இதுவரை தம் வாழ்க்கை முறையில்லாத நாடகமாக இருந்தது என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டே பிலடெல்பியாவில் நண்பர்கள் சிலரைச் சேர்த்து ‘ஜுண்டோ’ என்ற சங்கம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் அதிகம் இல்லை. கைத்தொழிலும் எழுத்தர் வேலையும் பார்த்து மேலே வரத் துடித்த இளைஞர்கள். அங்கே ஒரு வேடிக்கையான விதி உண்டு. அடித்துச் சொல்கிற தோரணையில் பேசினாலோ, அடுத்தவர் சொல்வதை நேரடியாக மறுத்தாலோ, சிறு தொகை அபராதம். சபையில் பேசப் பழகுவது அவர்களுக்குப் பிழைப்புக்கான பயிற்சி. விவாதத்தில் ஜெயித்துப் பகை சம்பாதிப்பதைவிடக் கேள்வியாகக் கேட்டு நட்பைச் சம்பாதிப்பது மேல் என்பதை அபராதம் கட்டியே கற்றார்கள்.

ஏடு பிறந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்து. பிராங்க்ளின் அப்போது சொந்த அச்சுக்கூடம் வைத்திருந்த இளம் முதலாளி. ஒரு தப்பும் செய்யாமல் வாழ்ந்து காட்டுவது என்று முடிவெடுத்தார். நல்லது எது, கெட்டது எது என்று தமக்குத் தெரியும். தெரிந்தபின் ஒன்றைச் செய்து இன்னொன்றை விடுவதில் என்ன சிரமம் என்று நினைத்தார். இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு குற்றத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பின்வாசலால் நுழைந்துவிடுகிறது. கவனம் அசந்த இடத்தைப் பழக்கம் பிடித்துக்கொள்கிறது. நல்லவனாக இருக்க ஆசைப்பட்டால் மட்டும் போதாது, அதற்கென்று ஒரு முறை வேண்டும் என்று அச்சுக்காரர் மூளை கணக்குப் போட்டது.

ஏழு பத்தி, பதின்மூன்று வரி

நல்ல குணங்களை அவர் பட்டியலிட்டார். உண்பதிலும் குடிப்பதிலும் அளவு, மௌனம், ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, மிதம், தூய்மை, மன அமைதி, கற்பு, பணிவு. மொத்தம் 13. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரியில் விளக்கமும் எழுதிக்கொண்டார். வரிசையிலும் கணக்கு இருந்தது. வயிறும் குடியும் கட்டுப்பட்டால் தலை தெளியும். அதனால் அது முதலில். அடுத்தது மௌனம், வாயைவிடக் காதால்தான் அதிகம் கற்க முடியும். சிலேடையும் கிண்டலுமாக வளவளவென்று பேசுகிற தம் பழக்கம் வெட்டிக் கூட்டத்துக்குத்தான் பிடிக்கிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

சிறு நோட்டுப்புத்தகம் ஒன்றில் ஒரு குணத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். சிவப்பு மசியால் நெட்டுக்கு ஏழு பத்திகள், கிழமைக்கு ஒன்று. குறுக்கே பதின்மூன்று வரிகள், குணத்துக்கு ஒன்று. இரவு படுக்குமுன் அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பார். எந்தக் குணத்தில் சறுக்கினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கரும்புள்ளி.

பதின்மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க அவர் முயலவில்லை. வாரத்துக்கு ஒன்றில்தான் முழுக் கண். முதல் வாரம் உண்பதில் அளவு. அந்த வரியில் மட்டும் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்வது. மற்ற பன்னிரண்டும் வழக்கம்போலப் போகட்டும்; சறுக்கினால் இரவில் புள்ளி வைத்தால் போதும். அடுத்த வாரம் மௌனம். இப்படி 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தோட்டத்தில் களை எடுப்பவர் பாத்தி பாத்தியாகத்தானே போக வேண்டும் என்பது அவர் சொன்ன நியாயம்.

முதல் அதிர்ச்சி புள்ளிகளின் எண்ணிக்கை. தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிக அதிகம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அவை குறைந்து வருவதைப் பார்த்து மகிழ்ந்ததையும் எழுதியிருக்கிறார். இரண்டாவது சிக்கல் காகிதத்தில் வந்தது. புதிய சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி நோட்டு ஓட்டையாகிவிட்டது. அதனால்தான் தந்தத்துக்கு மாறினார். அக்காலத்தில் குறிப்பெழுதத் தந்த ஏடுகள் புழக்கத்தில் இருந்தன. சிவப்புக் கோடு தந்தத்தில் கறைபோல ஊறி நிலைத்துவிடும். கரிக்கோல் புள்ளியோ ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

இந்தப் பொருளின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கோடு நிரந்தரம், புள்ளி தற்காலிகம். எது நல்லது என்ற வரம்பு அழியாது. நேற்றைய தவறு அழியும். சுற்று முடிந்ததும் ஏடு மறுபடி வெறுமையாகிவிடும். அவர் குறிவைத்ததும் அந்த வெறுமையைத்தான். ஒரு புள்ளியும் இல்லாத பக்கம்தான் அவருக்கு வெற்றி.

ஒழுங்கு என்ற ஓயாத தொல்லை

பதின்மூன்றில் அவரை மிகவும் படுத்தியது ஒழுங்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் என்பது விதி. அதற்காக 24 மணி நேரத்தையும் பங்கிட்டு ஒரு பக்கத்தில் எழுதினார். காலை 5 மணிக்கு எழுந்து, குளித்து, இறைவனை வேண்டி, இன்று என்ன நல்லது செய்யப்போகிறேன் என்று தம்மைக் கேட்டுக்கொள்வது. எட்டிலிருந்து வேலை. பன்னிரண்டுக்குப் படிப்போ கணக்குப் பார்ப்பதோ, பிறகு சாப்பாடு. மதியம் இரண்டிலிருந்து மறுபடி வேலை. ஆறு மணிக்குமேல் பொருள்களை அததன் இடத்தில் வைப்பது, இசை, பேச்சு. கடைசியில், இன்று என்ன நல்லது செய்தேன் என்ற கேள்வி. பத்து மணிக்கு உறக்கம்.

தாளில் அழகாகத்தான் இருந்தது. நடப்பில் முடியவில்லை. கூலிக்கு அச்சுக்கோக்கும் தொழிலாளிக்கு இது சாத்தியம், முதலாளிக்கு அல்ல என்று அவரே காரணமும் கண்டார். வாடிக்கையாளர் தம் வசதிக்கு வருவார். உன் கால அட்டவணை அவருக்குத் தெரியாது. காகிதங்களை அடுக்கிவைப்பதும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து நல்ல ஞாபகசக்தி, அதனால் அடுக்கிவைக்காததன் கஷ்டம் தெரியாமலே வளர்ந்துவிட்டார். வயதாகி ஞாபகம் தளர்ந்தபோதுதான் அந்தக் குறை உறைத்தது.

இந்த இடத்தில் அவர் ஒரு கோடரிக் கதை சொல்கிறார். கொல்லரிடம் கோடரி வாங்கிய ஒருவர், வாய்ப்பகுதிபோலவே முழுக் கோடரியும் பளபளக்க வேண்டும் என்றார். சரி, நீ சாணைச் சக்கரத்தைச் சுற்று, நான் தீட்டுகிறேன் என்றார் கொல்லர். கோடரியின் அகலமான முகத்தை அழுத்திப் பிடித்தார். சுற்றிச் சுற்றி வாங்கியவருக்குக் கை ஓய்ந்தது. அடிக்கடி வந்து பார்த்தார்; இன்னும் புள்ளிபுள்ளியாகத்தான் இருந்தது. சுற்று, போகப்போகப் பளபளக்கும் என்றார் கொல்லர். போதும், எனக்குப் புள்ளிக் கோடரிதான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் அவர்.

முயற்சியைக் கைவிடுகிறவர்கள் இப்படித்தான் சமாதானம் தேடுகிறார்கள் என்று பிராங்க்ளின் சிரிக்கிறார். அந்தச் சமாதானம் தமக்கும் தேவைப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். முழுக்க அப்பழுக்கற்றவனாகிவிட்டால் நண்பர்களுக்குப் பொறாமை வரும். ஆகவே ஒன்றிரண்டு குறைகளை விட்டுவைப்பது நல்லது என்று தாம் எண்ணியதைக் கண்சிமிட்டலோடு பதிவு செய்கிறார். ஆனாலும் முயன்றதால் முன்னிருந்ததைவிட நல்ல மனிதனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் ஆனேன் என்பதுதான் அவர் தீர்ப்பு.

பதின்மூன்றாவது குணம்

முதலில் பட்டியலில் 12 குணங்களே இருந்தன. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அன்போடு எடுத்துச் சொன்னார்: உங்களைத் தலைக்கனம் பிடித்தவர் என்று ஊரில் நினைக்கிறார்கள், பேச்சில் ஜெயிப்பது மட்டும் உங்களுக்குப் போதவில்லை, எதிராளியை மட்டம் தட்டவும் செய்கிறீர்கள். சொன்னதோடு நில்லாமல் உதாரணங்களையும் அடுக்கினார். பிராங்க்ளின் மறுக்கவில்லை. பணிவு என்ற வரி சேர்ந்தது.

பணிவின் உள்ளடக்கத்தில் பெரிதாக வெற்றி பெறவில்லை, தோற்றத்தில் ஓரளவு பெற்றேன் என்கிறார். அந்தத் தோற்றத்தை உண்டாக்க அவர் செய்தது சொல் தேர்வு. ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லை’ போன்றவற்றை வாயிலிருந்து விலக்கினார். ‘எனக்குத் தோன்றுவது’, ‘இப்போதைக்கு நான் நினைப்பது’ என்று தொடங்கப் பழகினார். ஒருவர் தவறாகச் சொன்னால் உடனே வெட்டிப் பேசாமல், சில சந்தர்ப்பங்களில் நீங்கள் சொல்வது பொருந்தும், இங்கே கொஞ்சம் வித்தியாசம் இருப்பதாகப் படுகிறது என்று சொல்வார்.

ஆரம்பத்தில் நடிப்பாக இருந்தது நாளடைவில் இயல்பானது. பலன் உடனே கிடைத்தது. உரையாடல்கள் இனிமையாயின. அவர் கருத்தை ஏற்பவர்கள் கூடினார்கள். தாம் தவறாகச் சொன்னது தெரியவந்தாலும் அவமானம் குறைவாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பிராங்க்ளின் நல்ல பேச்சாளர் இல்லை. மேடையில் தடுமாறுவார், சொல்லுக்குத் தேடுவார், இலக்கணமும் சில நேரம் வழுக்கும். இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் சபைகளில் நினைத்ததைச் சாதித்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நம்பினார். கூச்சத்தோடு கூட்டத்துக்குள் நுழைகிறவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி இருக்க முடியாது. குரல் உயர வேண்டியதில்லை. அடுத்தவர் முகம் சுருங்காமல் பேசத் தெரிந்தால் போதும்.

ஏடு பார்க்காததும் உண்டு. நீதி என்று ஒரு வரி அதில் இருந்தது. அதே காலத்தில் பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் நடத்திய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. கடைசிக் காலத்தில்தான் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790-இல் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தனக்குத் தானே வைக்கும் புள்ளி, தன் கண்ணுக்குத் தெரிந்த தவறில்தான் விழும். பணிவு என்ற வரி சேர ஒரு நண்பர் வாய் திறக்க வேண்டியிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏடு தனிமையில் வைத்திருக்க வேண்டியதுதான். வரிகளை முடிவு செய்ய வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்படுகிறது.

தந்தத்திலிருந்து தாளுக்கு

இந்த முறையை விரித்து ‘நற்குணக் கலை’ என்ற பொருளில் ஒரு நூல் எழுத பிராங்க்ளின் பல காலம் நினைத்திருந்தார். எழுதவே இல்லை. சுயசரிதையில் சில பக்கங்களாக மட்டும் அது தங்கியது. அந்தப் பக்கங்களும் எழுதப்படாமல் போயிருக்கும். சுயசரிதையின் முதல் பகுதியை 1771-இல் இங்கிலாந்தில் எழுதியதோடு நிறுத்தியிருந்தார். புரட்சிக் களேபரத்தில் கையெழுத்துப்படி கைமாறிப்போனது. அதைக் கண்டெடுத்த ஏபெல் ஜேம்ஸ் என்ற பிலடெல்பியா வணிகர், தொடர்ந்து எழுதுங்கள் என்று கடிதம் போட்டார். லண்டன் நண்பர் பெஞ்சமின் வாகனும் வற்புறுத்தினார். 1784-இல், பாஸியில், குணப் பட்டியலையும் கட்டங்களையும் பற்றிய பகுதி எழுதப்பட்டது. 79-ஆம் வயது நடக்கும் தருணம்வரை தாம் அனுபவித்த நலத்துக்கு இந்தச் சிறு உபாயமே காரணம் என்பதைத் தம் சந்ததி அறியட்டும் என்று அதில் குறித்தார்.

அவர் 1790-இல் இறந்தபின் சுயசரிதையின் முதல் பகுதி மட்டும் 1791-இல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வெளியானது. பேரன் டெம்பிள் பிராங்க்ளினின் ஆங்கிலப் பதிப்பு வர 1818 ஆயிற்று. மூலக் கையெழுத்துப்படியோ பிரான்சில் ஒரு குடும்பத்திடம் தங்கிவிட்டது. 1867-இல் ஜான் பிகலோ என்ற அமெரிக்கர் அதை வாங்கி, அடுத்த ஆண்டு முழு நூலையும் முதன்முறையாக மூலப்படி பதிப்பித்தார். இன்று அது கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது.

லெம்பர்க், மாஸ்கோ, டோக்கியோ

புத்தகத்தைவிட முறை வேகமாக நடந்தது. 1808-இல் லெம்பர்கில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில், மெண்டல் லெஃபின் என்ற யூத அறிஞர் ‘ஹெஷ்போன் ஹநெஃபெஷ்’ என்ற எபிரெய நூலை வெளியிட்டார். ஆன்மாவின் கணக்கு என்று பொருள். பதின்மூன்று குணங்கள், வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு நான்கு சுற்று, இரவுக் குறிப்பு என எல்லாம் பிராங்க்ளினுடையவை; பெயர் மட்டும் இல்லை. லிதுவேனியாவின் ரபி இஸ்ரேல் சலாண்டரும் அவர் தொடங்கிய மூசார் இயக்கமும் இந்த நூலைப் பெரிதும் போற்றினார்கள். பிலடெல்பியா அச்சுக்காரரின் கட்டங்கள் யூத சமயப் பள்ளிகளில் ஒழுக்கப் பயிற்சியாயின. பழகாத விலங்கை மெல்ல மெல்லப் பழக்குவதுபோல மனத்தின் கீழ்ப்பகுதியைப் பழக்க வேண்டும் என்பது லெஃபினின் விளக்கம். புள்ளி இங்கே கடவுளுக்கு முன்னால் வைக்கும் கணக்கானது.

1851-இல் மாஸ்கோவில் 22 வயதுப் பிரபு ஒருவர் தம் நாட்குறிப்போடு ‘பிராங்க்ளின் குறிப்பேடு’ ஒன்றையும் தொடங்கினார். சூதாட்டக் கடன், வெட்டி விருந்துகள், குற்றவுணர்ச்சி. சோம்பல், வெட்டிப்பெருமை, அவசரம், கோழைத்தனம் என்று தம் பலவீனங்களைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொண்டே வந்தார். லியோ டால்ஸ்டாய். ஏட்டால் சூதை நிறுத்த முடியவில்லை. ஆனால் ஒரு மனிதன் ஒரே நாளில் எத்தனை விதமாகத் தன்னை ஏமாற்றிக்கொள்கிறான் என்று தினமும் பார்த்துப் பழகிய கண்தான் பிற்பாடு நாவல்களில் அத்தனை பேரின் மனத்துக்குள்ளும் புகுந்து பார்த்தது என்று நினைக்க இடமுண்டு.

ஜப்பானில் நடந்தது வேறு. மெய்ஜி காலத்தில், மேற்கின் நூல்கள் வெள்ளமாக வந்த 1870-களில், பேரரசி ஹருகோ பிராங்க்ளினின் குணங்களைப் பற்றிக் கேட்டறிந்து 12 குறும்பாக்கள் இயற்றினார். கற்பு என்ற தலைப்பு மட்டும் விடுபட்டது. உழைப்பைப் பற்றிய கருத்து, தீட்டாத வைரம் ஒளிராது என்ற பாட்டாக விரிந்து, உயர்குடிப் பெண்கள் பள்ளியில் மாணவியர் சேர்ந்து பாடுவதாயிற்று. குணங்கள் போய்ச் சேர்ந்தன. கட்டமும் புள்ளியும் சேரவில்லை. தனியறையில் இரவில் நடந்த விசாரணை, பள்ளி முற்றத்துச் சேர்ந்திசையாக மாறியது.

எதிர்ப்பும் ஏளனமும்

சொந்த நாட்டில் பிராங்க்ளின் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்குள் போனார். அதன் விளைவை 1870-இல் மார்க் ட்வைன் கேலி செய்தார்: இந்த மனிதரால் அமெரிக்கச் சிறுவர்கள் நிம்மதியாக விளையாடக்கூட முடியவில்லை என்பது அவர் புகார். 1904-05-இல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், முதலாளித்துவ மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாகப் பிராங்க்ளினைக் காட்டினார். ஒழுக்கத்தைப் பேரேடுபோலக் கணக்கெழுதியது அவர் கண்ணில் பட்டது. 1923-இல் டி. எச். லாரன்ஸ் கோபமாகவே எழுதினார். மனித ஆன்மா கரடுமுரடான காடு, அதை வேலி போட்ட தோட்டமாக்க இவர் யார் என்பது லாரன்ஸின் கேள்வி.

1925-இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு இன்னும் நுட்பமாகச் செய்தார். கேட்ஸ்பி இறந்தபின் அவன் தந்தை ஒரு பழைய கதைப்புத்தகத்தைக் காட்டுகிறார். அதன் பின்தாளில் சிறுவன் கேட்ஸ்பி எழுதிய கால அட்டவணை. உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிய படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி, சபையில் நிமிர்ந்து நிற்கும் தோரணைக்கான பயிற்சி எல்லாம் மணி வாரியாக இருக்கின்றன. பணம் சேமிக்க வேண்டும், பெற்றோரிடம் நல்லபடி நடக்க வேண்டும் என்ற தீர்மானங்களும் இருக்கின்றன. இல்லாத ஒன்று, இரவுக் கேள்வி. இன்று என்ன நல்லது செய்தேன் என்று அந்தப் பையன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டவணை பிழைத்தது, விசாரணை உதிர்ந்துவிட்டது.

இன்சூரன்ஸ் ஏஜென்டின் அட்டைகள்

ஏடு பிறந்த பிலடெல்பியாவிலேயே அதற்கு மறுபிறவி கிடைத்தது. ஃபிராங்க் பெட்கர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 1910-இல் ஆடிய பேஸ்பால் வீரர். கையில் அடிபட்டு ஆட்டம் போனது. ஆயுள் காப்பீடு விற்கப் போனார், ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேர் முன் பேசும் பயத்தைப் போக்க டேல் கார்னகியின் வகுப்பில் சேர்ந்தார். பிராங்க்ளினின் சுயசரிதையும் கைக்கு வந்தது. பதின்மூன்று வாரச் சுற்றை அப்படியே எடுத்துக்கொண்டார். தகடுகளுக்குப் பதில் சட்டைப்பையில் வைக்கும் சிறு அட்டைகள். வாரத்துக்கு ஓர் அட்டை.

1940-களின் இறுதியில் அவர் எழுதிய, விற்பனையில் தோல்வியிலிருந்து வெற்றிக்கு வந்த கதையைச் சொல்லும் நூலில் அந்தப் பட்டியல் இருக்கிறது. உற்சாகம், ஒழுங்கு, அடுத்தவர் நலனிலிருந்து யோசிப்பது, கேள்வி கேட்பது, மையப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பது, மௌனமாகக் கேட்பது, வாய்மை, தொழில் அறிவு, பாராட்டு, புன்னகை, பெயரையும் முகத்தையும் நினைவில் வைப்பது, சேவையும் புதிய வாடிக்கையாளர் தேடலும், கடைசியாக விற்பனையை முடிப்பது.

பிராங்க்ளினின் பதின்மூன்றில் மிஞ்சியவை மூன்று: மௌனம், ஒழுங்கு, வாய்மை. நீதி இல்லை, சிக்கனம் இல்லை, பணிவு இல்லை. அட்டை இப்போது கேட்பது நல்லவனா என்று அல்ல, வேலைக்கு ஆகிறவனா என்று. இதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பெட்கரின் பட்டியலில் ஒரு நேர்மை உண்டு. பெயரை நினைவில் வைப்பது, குறுக்கே பேசாமல் கேட்பது, மனமாரப் பாராட்டுவது எல்லாம் கூச்ச சுபாவிகள் நாளைக் காலையே பழக முடிந்த காரியங்கள். குணம் என்ற மலையைத் தூக்க முடியாதவருக்கு அவர் கைக்கடக்கமான கற்களைக் கொடுத்தார். கார்னகி 1936-இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் பிராங்க்ளின் பேச்சை மாற்றிக்கொண்ட கதையை எடுத்து ஆண்டது. பணிவு என்ற வரிக்காகச் செய்த சொல்மாற்றம், நண்பர்களைச் சம்பாதிக்கும் உத்தியாகப் பாடமானது.

தோல் உறைக்குள் ஒரு நாள்

1980-களில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் ஹைரம் ஸ்மித் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கி, நாளுக்கு இரண்டு பக்கம் வைத்த வளையக் கோப்பு ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் பெயரே ‘பிராங்க்ளின் பிளானர்’. முதலில் உன் வாழ்வில் எது முக்கியம் என்று எழுது, அதிலிருந்து குறிக்கோள், அதிலிருந்து இன்றைய வேலை என்பது அவர் பாடம். வேலைகளுக்கு ஏ, பி, சி என்று தரம் வேறு. அலுவலகங்கள் ஊழியர்களை வகுப்புக்கு அனுப்பி இதை வாங்கிக் கொடுத்தன. 1997-இல் அந்த நிறுவனம், ஏழு பழக்கங்களைப் பற்றி 1989-இல் எழுதிய ஸ்டீபன் கவியின் நிறுவனத்தோடு இணைந்தது.

பிராங்க்ளினை ஆயுள் முழுவதும் படுத்திய ஒழுங்கு என்ற ஒற்றை வரி, மற்ற பன்னிரண்டையும் விழுங்கி ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அவருக்கு வராத குணத்தின் பெயரால் அவர் பெயர் விற்றது. பிளானரில் செய்து முடித்த வேலைக்கு ஒரு டிக். செய்யாத வேலை அடுத்த நாளுக்குத் தள்ளப்படும். தவறு என்ற எண்ணமே அதில் இல்லை. பாக்கி மட்டும் உண்டு.

சங்கிலி

2007-இல் இணையத்தில் ஒரு கதை பரவியது. நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் தினமும் எழுதியதும் பெரிய காலண்டரில் சிவப்புப் பெருக்கல் குறி போடுவார், குறிகள் சங்கிலியாகச் சேரும், சங்கிலியை அறுக்காதே என்பதுதான் சூத்திரம் என்றது அந்தக் கதை. 2014-இல் அவரைக் கேட்டபோது அது தம் யோசனையே இல்லை என்று சிரித்தார். அதற்குள் சங்கிலி கைப்பேசிச் செயலிகளுக்குள் புகுந்துவிட்டது. மொழி கற்றாலும் நடந்தாலும் தியானம் செய்தாலும் தொடர் நாள் கணக்கு ஒன்று மேலே எரிகிறது. ஒரு நாள் தவறினால் பூஜ்ஜியம். டுவோலிங்கோ போன்ற செயலிகளில் தவறிய நாளை மறைத்துச் சங்கிலியைக் காக்கவும் வழி உண்டு.

புள்ளி இங்கே தலைகீழாகிவிட்டது. பிராங்க்ளின் குறித்தது தவறை; அவருக்குக் காலிப் பக்கம்தான் பரிசு. செயலி குறிப்பது சாதனையை; அதில் காலிக் கட்டம்தான் அவமானம். அவர் பஞ்சால் துடைத்தார். செயலி எதையும் துடைப்பதில்லை, சேமிக்கிறது. அவர் சுற்று முடித்து அடுத்த குணத்துக்குப் போனார். சங்கிலிக்கு முடிவே கிடையாது. நீளம்தான் அதன் மதிப்பு. நண்பர்களோடு பட்டியலில் போட்டியிடவும் செய்யலாம். கழுதை ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது, இம்முறை மாலை மரியாதையோடு.

சங்கிலிக்கும் பயன் உண்டு. தினமும் அரைமணி நடப்பதற்கோ, புதிய மொழியில் நாலு சொல் படிப்பதற்கோ அது நல்ல தூண்டுகோல். இவை செய்வதா விடுவதா என்ற கேள்விகள். ஆனால் கூட்டத்தில் அடுத்தவர் பேச்சை வெட்டாமல் இருப்பது, மேலதிகாரியின் அறையில் பதறாமல் இருப்பது, சொன்ன நேரத்துக்குப் போவது போன்றவை அப்படி அல்ல. அங்கே வெற்றியைக் குறிப்பது அர்த்தமற்றது. இன்று எத்தனை முறை வெட்டிப் பேசினேன் என்பதுதான் தகவல். அதற்குக் கரும்புள்ளிதான் வேண்டும்.

எனவே, தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் ஒருவர் பழைய முறைக்குத் திரும்புவதில் நியாயம் இருக்கிறது. செலவும் இல்லை. ஒரு தாள், ஏழு பத்தி. வரிகளைத் தானாக முடிவு செய்யாமல், தன்னிடம் உண்மை பேசக்கூடிய ஒருவரிடம் கேட்டு ஒன்றையாவது சேர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு வரியில்தான் கண். பென்சிலில் குறித்து, வாரம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தாளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, செயலி செய்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பிராங்க்ளின் முதலில் சுற்றின்மேல் சுற்றாக ஓட்டினார். பிறகு ஆண்டுக்கு ஒரு சுற்று, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. பயணங்களும் வேலைகளும் பெருகியபின் குறிப்பதை நிறுத்தியே விட்டார். அதற்காக அவர் வருத்தப்படவும் இல்லை. வேண்டியது பழக்கமாகிவிட்டது, வராதது வராது என்று தெரிந்துவிட்டது. தாளில் கோடு போடும்போதே ஒரு கடைசி நாளையும் எழுதிவைப்பது நல்லது. பதின்மூன்று வாரம் போதும்.